மதுரை வெயிலும் கார் கூலன்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரும் கார்கள் கூடிவிடும். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: எஞ்சின் கொதித்திருக்கும். விசாரித்தால், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் குறையக் குறைய மாதக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருப்பார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு, "இதை முன்னாடியே யாரும் சொல்லலையே" என்பார்கள். அதனால்தான் பட்டறையில் தினமும் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மதுரையில் பனியே கிடையாது. அப்புறம் எதற்குக் கூலன்ட்? தண்ணீர் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும் என்பதால் எளிதில் உறையவிடாத எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அது 1927-லேயே கடைக்கு வந்துவிட்டது. நமக்கு அந்தப் பயம் இல்லைதான். ஆனால் கூலன்டுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன, மதுரையில் அவைதான் முக்கியம்.

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பிலும் அலுமினியத்திலும் ஏறுகிறது, அதை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குவது இந்தத் திரவம்தான். வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. "தண்ணீர்தான் நன்றாகக் குளிரவைக்கும்" என்று சொல்பவர்கள் அந்த அளவில் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துருப்பிடிக்க வைக்கும், உப்பு இருந்தால் படியவும் செய்யும்.

கூலன்ட் டப்பாவில் கிளைக்காலோடு துருத்தடுப்பு ரசாயனங்களும் நுரைத் தடுப்பானும் சிறிய அளவில் இருக்கின்றன. மதுரைக்காரர் கொடுக்கும் காசு முக்கியமாக அந்தச் சிறிய அளவுக்குத்தான். உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

அப்பா அம்பாசிடர் ஓட்டினார். வழியில் எந்தக் கிணற்றைக் கண்டாலும் ஒரு வாளி மொண்டு ஊற்றுவார். வண்டி இருபது வருஷம் ஓடியதே?

ஓடியிருக்கும். அம்பாசிடர் எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். குழாய்கள் அகலமாக இருக்கும். அடைத்துக்கொண்டால் சிம்மக்கல் பக்கம் கொண்டுபோய், மேல் தொட்டியைப் பற்றவைப்பு விட்டுக் கழற்றி, உள்ளே கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பவும் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். அந்த வண்டிக்கு அந்தப் பழக்கம் தாங்கியது.

இன்றைய காரில் ஹெட் அலுமினியம், பல வண்டிகளில் பிளாக்கும் அலுமினியம். ரேடியேட்டர் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது, பக்கவாட்டுத் தொட்டிகள் பிளாஸ்டிக். கம்பி விட்டுக் குத்த வழியே இல்லை, அடைத்தால் புதிதுதான். அலுமினியமும் இரும்பும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தால் அலுமினியம்தான் அரிபடும். பழைய ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் கேஸ்கெட் உட்காரும் இடத்தை ஒட்டி, தண்ணீர் போகும் துளைகளின் ஓரம் பூச்சி அரித்த மாதிரி இருக்கும். அப்பாவின் பழக்கத்தில் குற்றம் இல்லை. அந்த உலோகம் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறது. அதைக் கலக்கலாமா?

போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆர்.ஓ.விலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும், குடிக்கும் ருசிக்காகச் சில கருவிகள் வேண்டுமென்றே தாது உப்பை விட்டுவைக்கும். பேட்டரிக் கடையில் டி.எம். வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) அல்லது டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் ஐந்து லிட்டர் கேனில் தருவார்கள். ஒரு காருக்கு ஒரு கேன் போதும். சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

மதுரையைச் சுற்றி போர் தண்ணீர் எப்படி என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் சில மாதத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. மனிதன் குடிக்கலாம் என்று சொல்லும் அந்தத் தண்ணீரே எஞ்சினுக்கு ஆகாது. கால்சியமும் மெக்னீசியமும் எங்கே அதிகச் சூடோ அங்கேதான் முதலில் படியும். எஞ்சினில் அது சிலிண்டர் ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு எட்டாது. பொருக்கு ஏற ஏற உலோகத்தின் சூடு திரவத்துக்கு இறங்காது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவில்தான் நிற்கும், ஹெட்டோ உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

வீட்டு ஏசியிலிருந்து வடியும் தண்ணீர்? மழைத் தண்ணீர்?

இரண்டிலும் உப்பு குறைவு. ஆனால் ஏசித் தண்ணீர் தூசி படிந்த தகடுகளிலும் செம்புக் குழாய்களிலும் வழிந்து வருகிறது, மழைத் தண்ணீர் மாடியைக் கழுவிக்கொண்டு வருகிறது. நான் ஊற்றமாட்டேன்.

எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லதா?

முதலில் டப்பாவைப் படியுங்கள். 'அப்படியே ஊற்றலாம்' என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட்) என்றிருந்தால் கலக்க வேண்டும். பொதுவான கணக்கு பாதிக்குப் பாதி. நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களுக்கு 30 பங்கு கூலன்ட், 70 பங்கு தண்ணீர் என்றும் சில கார்களின் கையேட்டில் இருக்கும். கையேடு சொல்வதுதான் இறுதி. 30-க்குக் கீழே போகாதீர்கள், துருத்தடுப்பு ரசாயனம் போதாமல் போய்விடும்.

கெட்டியாக ஊற்றுவது நல்லது என்று நினைத்து முழுக்க கான்சன்ட்ரேட்டை ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. தனிக் கிளைக்கால் ஒரு கிலோவுக்குத் தண்ணீர் சுமப்பதில் சுமார் 60 சதவீத வெப்பத்தைத்தான் சுமக்கும். கூடவே அது கெட்டியான திரவம், பம்ப் தள்ளச் சிரமப்படும். எஞ்சின் அதிகமாகவே சூடாகும்.

கொதிநிலைக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை சுமார் 107-இல் கொதிக்கும். கிளைக்காலால் கிடைப்பது ஏழெட்டு டிகிரிதான். பெரிய வித்தியாசத்தைத் தருவது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் உள்ளே சுமார் ஒரு பார் அழுத்தத்தைக் கட்டிவைக்கிறது. அந்த அழுத்தத்தில் கலவையின் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். சில நூறு ரூபாய் மூடி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பாருங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு என்று வருகிறதே. எது நல்லது?

நிறம் வெறும் சாயம். கிளைக்காலுக்கென்று நிறமே கிடையாது. லீக் ஆனால் கண்ணில் படட்டும் என்பதற்கும், அந்தந்தக் கம்பெனியின் அடையாளத்துக்கும்தான் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் வேறு வேறு ரசாயனமாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் தடுப்பு ரசாயனத்தின் வகை. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து காக்கும். அவை சீக்கிரம் தீர்ந்துபோவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதிய வகையில் கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும், ஐந்து ஆண்டு வரை தாங்கும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகையும் உண்டு. ஜப்பானிய, கொரியக் கார்களில் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்ந்த கலப்பு வகை, ஐரோப்பியக் கார்களில் சிலிக்கேட் சேர்ந்த கலப்பு வகை.

வகை மாற்றிக் கலந்தால் உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனால் ஆயுள் குறையும், சில சேர்க்கைகள் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். கையேட்டில் இருக்கும் தரக்குறியைக் கடையில் காட்டி வாங்குங்கள். டப்பாவில் ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி 3306 போன்ற தரக்குறி ஒன்றாவது இருக்கட்டும். வெறும் பச்சைத் தண்ணீரைக் கூலன்ட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அளவை எப்போது, எப்படிப் பார்ப்பது?

காலையில், வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில். பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டேங்கில் மேல் கோடு, கீழ் கோடு இரண்டுக்கும் நடுவே இருந்தால் போதும். ஓட்டி வந்ததும் பார்த்தால் திரவம் விரிந்து மேலேதான் நிற்கும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியேட்டரில் தனி மூடியும் பக்கத்தில் தனி டேங்கும் உள்ள கார் என்றால், டேங்கில் சரியாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சூடாகும்போது திரவம் ரேடியேட்டரிலிருந்து டேங்குக்குப் போகும், ஆறும்போது மூடியில் உள்ள சின்ன வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். அந்த வால்வோ ரப்பரோ கெட்டுவிட்டால் போனது திரும்பாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். மாதம் ஒருமுறை, முழுவதும் ஆறிய வண்டியில் மட்டும், ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். வாய் வரை நிறைந்திருக்க வேண்டும்.

மாதம் மாதம் கொஞ்சம் குறைகிறது. ஊற்றிக்கொண்டே இருந்தால் போதாதா அண்ணே?

போதாது. இது மூடிய அமைப்பு. ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவது இயல்பு, மாதா மாதம் குறைந்தால் எங்கோ போகிறது என்று பொருள். நாம் ஊற்ற ஊற்ற அந்த இடம் பெரிதாகிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்கும் வரை ஊற்றுங்கள், ஆனால் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். ஹோஸ் கிளிப் ஓரங்களில் காய்ந்த பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் ஈரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து ஒழுகிய கோடு. அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது, உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காக. அதை அடைத்துவிடக் கூடாது. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டி என்றால் எலி கடித்த ஹோஸையும் தேடுங்கள்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால்மிதி ஈரமாகி, உள்ளே இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம் படிந்தால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் கவலைப்பட வேண்டிய கட்டம். ஹெட் கேஸ்கெட் வழியாக எஞ்சினுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது, டேங்கில் விடாமல் குமிழி கிளம்புவது, ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருப்பது எல்லாம் அடையாளங்கள். மூடிக்கடியில் லேசாக இருந்தால் குட்டிப் பயணங்களின் ஈரமாகவும் இருக்கலாம், ஆயில் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பட்டறையில் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து ஒரு சோதனை செய்வோம். எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். ஹெட்டைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. லீக்கா?

ஏசி போட்டு ஓட்டி வந்தால் சொட்டத்தான் செய்யும். விரலில் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல், வாடையில்லாமல், சாதாரணத் தண்ணீராக இருந்தால் ஏசித் தண்ணீர். வழுவழுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, கூடவே கூடாது. காரணம் கீழே இருக்கிறது.

ஊருக்குள் நின்றால் சூடேறுகிறது, நான்குவழிச் சாலையில் ஏறினால் முள் இறங்கிவிடுகிறது. ஏன்?

ரேடியேட்டர் பேனை (விசிறியை) முதலில் பாருங்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டால் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, பேன் ஒன்றுதான் கதி. மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் ஏதோ ஒன்று போயிருக்கும். ஏசி போட்டதும் பேன் சுற்றுகிறதா, போடாவிட்டாலும் முள் நடுவைத் தாண்டினால் தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

நேர்மாறாக, ஊருக்குள் சரியாக இருந்து திருமங்கலம் தாண்டி வேகம் எடுத்ததும் சூடேறினால் பேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு முழுதாகத் திறக்காதது, பம்பின் இலை அரித்துப்போனது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

வெளி அடைப்பையும் மறக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் உளுந்தும் கொள்ளும் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏறிப் போகும் வண்டியின் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பொட்டும் தூசும் பஞ்சு மாதிரி அடைந்துகொள்ளும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

கொடைக்கானல் ஏறும்போது மட்டும் கொதிக்கிறது. மதுரைக்குள் ஒன்றுமே இல்லை.

காட்ரோட்டிலிருந்து ஏற்றம் தொடங்கினால் நின்று இளைப்பாற இடமில்லாமல் எஞ்சின் பாரத்திலேயே இழுக்கும், வேகம் குறைவு, காற்றும் குறைவு. கூடவே பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் பேன் சுற்றத் தொடங்குவதே 95-க்கு மேல்தான். மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் இது ஒரு பொருட்டே அல்ல, மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தோடு போய்விடும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால், மதுரையில் தப்பித்துக்கொண்டிருந்த வண்டி மலையில் மாட்டிக்கொள்ளும். போடிமெட்டுக்கும் இதே கதைதான். மலைப்பயணத்துக்கு முன் மூடியைச் சோதிக்கச் சொல்லுங்கள், ரப்பர் வெடித்திருந்தால் அதே அழுத்தக் குறி போட்ட புதிய மூடி வாங்குங்கள். 0.9 பார் போட்ட இடத்தில் 1.1 பார் போடக் கூடாது.

ஏறும்போது கியரைக் குறைத்து எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவிடுங்கள், பம்பும் வேகமாகச் சுற்றும். பெரிய கியரில் முக்கவிடுவதுதான் சூட்டைக் கூட்டும். முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்துங்கள்.

வழியில் கொதித்துவிட்டது. என்ன செய்ய?

முள் ஏறுகிறது, ஆவி இன்னும் வரவில்லை என்றால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் விடுங்கள். மதுரை வெயிலில் வேதனைதான், கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். ஹீட்டர் கோர் இன்னொரு குட்டி ரேடியேட்டர், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் ஓரம்கட்டுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி கிளம்பினாலோ ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். "உசிலம்பட்டி இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், பட்டறையிலேயே நிறுத்திக்கலாம்" என்ற எண்ணம்தான் ஹெட்டை வளைப்பது. பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதில் சிவப்பு மின்னினாலே நிறுத்த வேண்டும். இன்னொன்று: கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், அப்போது முள் திடீரென்று இறங்கிக் காட்டும். சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும்.

மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய திரவம் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் அது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். முகமும் நெஞ்சும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்த டிரைவர்களை எனக்குத் தெரியும். ஈரத் துணியைப் போட்டால் திறக்கலாம் என்பதும் சூடாக இருக்கும்போது செல்லாது. குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை அழுத்தினால் தளதளவென்று இருக்க வேண்டும், விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. பிறகு தடித்த துணியை வைத்து, முகத்தை விலக்கி, முதல் தடை வரை திருப்பி, சீறல் அடங்கிய பின் கழற்றுங்கள்.

அந்த நேரத்தில் கையில் இருக்கும் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். போர் தண்ணீரானாலும் சரி, காலி எஞ்சினோடு ஓட்டுவதைவிட மேல். ஆறிய எஞ்சினில் மட்டும், மெதுவாக. எஞ்சின் மேல் வாளியோடு ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். பட்டறைக்குப் போனதும் அந்தத் தண்ணீரை முழுதும் வடித்துக் கழுவிவிடச் சொல்லுங்கள்.

"நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழற்றிப் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டாம். இது நம் பக்கம் பரவலாக இருக்கும் பழக்கம், இதனால் கெட்ட எஞ்சின்கள் நிறைய. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு வால்வு. 82 முதல் 90 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதுவரை எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று அடைத்துவைத்திருக்கும்.

அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும். சில எஞ்சின்களில் ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் பக்கவழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதில் கழற்றினால் பாதித் திரவம் ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிவந்து சூடு கூடும். தெர்மோஸ்டாட் பழுதா என்று அறிய, கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பழுதென்றால் புதிது போடுங்கள்.

மஞ்சள்பொடி போட்டால் ரேடியேட்டர் லீக் நிற்கும் என்கிறார்களே?

பழைய ஜீப், லாரி டிரைவர்களின் கைவைத்தியம். ஓட்டையில் பொடி சேர்ந்து தற்காலிகமாக நிற்கும். இன்றைய ரேடியேட்டரின் குழாய் மெல்லியது, ஹீட்டர் கோர் அதைவிட. ஓட்டையை அடைப்பதோடு நல்ல வழியையும் அடைத்துவிடும். கடையில் விற்கும் லீக் அடைப்பான்களுக்கும் இதே பதில்தான்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பழைய வகை என்றால் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. நீண்டகால வகை என்றால் 4 முதல் 5 ஆண்டு. கம்பெனியில் நிரப்பி வரும் முதல் கூலன்டுக்கு அதைவிட நீண்ட கெடு கொடுக்கும் கையேடுகளும் உண்டு. நடுவில் ஒருமுறையாவது போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தக் கெடு எதுவும் பொருந்தாது, உடனே மாற்றுங்கள். பார்க்க நிறம் பளிச்சென்று இருந்தாலும் தடுப்பு ரசாயனம் தீர்ந்திருக்கலாம், சாயம் அதற்குப் பிறகும் இருக்கும்.

நானே வீட்டில் மாற்றலாமா?

கைவேலைப் பழக்கம் இருந்தால் தாராளமாக. ஆறிய எஞ்சின், அடியில் ஒரு அகலமான டப், ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். டி.எம். வாட்டர் நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, பேன் சுற்றும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இதைச் செய்யுங்கள்.

இரண்டு இடங்களில் பலரும் சறுக்குவார்கள். கழுவிய தண்ணீர் முழுதும் வடியாது, பிளாக்குக்குள் ஒரு பங்கு தங்கிவிடும். அதன் மேல் தண்ணீர் கலந்த கூலன்டை நிரப்பினால் நீர்த்துப்போகும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு இருக்கும், சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 4, 5 லிட்டர். அதில் பாதி அளவுக்குக் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டி.எம். வாட்டரால் நிரப்புங்கள். கணக்குச் சரியாக வரும்.

அடுத்தது காற்று. உள்ளே காற்றுப் பை தங்கினால் அந்த இடத்தில் சூடு ஏறும், ஹீட்டரும் சில்லென்று வீசும். ரேடியேட்டரில் மூடி உள்ள கார் என்றால் மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து அளவு சட்டென்று இறங்கும்போது ஊற்றி நிரப்பி, குமிழி நின்ற பின் மூடுங்கள். சில கார்களில் காற்று வெளியேற்றத் தனித் திருகு உண்டு. மறுநாள் காலை மறுபடி அளவு பாருங்கள்.

வடித்த பழைய கூலன்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயும் பூனையும் ஆசையாக நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து சாகும். மனிதருக்கும் அப்படித்தான், பெரியவர்களுக்கே சுமார் 100 மி.லி. உயிரைப் பறிக்கலாம், குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவு போதும். கலரோ தண்ணீரோ குடிக்கும் பாட்டிலில் கூலன்டை ஊற்றிவைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். யாராவது குடித்துவிட்டால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷத்தை முறிக்க மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

வடித்ததை மூடியுள்ள கேனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்துக் கொடுக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். ஆயிலோடு கலந்துவிடாதீர்கள்.

மின்சாரக் காருக்கும் கூலன்ட் உண்டா?

பெரும்பாலானவற்றில் உண்டு, பேட்டரிக்கும் மோட்டாருக்கும். சிலவற்றுக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை வேண்டும். கம்பெனி சொன்னதைத் தவிர வேறு எதையும், ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட, ஊற்ற வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகிறேன். கூலன்டைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

நிறையத் தெரியும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியின் நுனியை நனைத்து எடுங்கள். பளிச்சென்ற நிறம் என்றால் கவனித்து வைத்திருக்கிறார்கள், அல்லது நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார்கள். செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் பல காலம் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. மூடியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். கூலன்டை மாற்றுபவர்கள் மூடியைத் துடைப்பதில்லை, பழைய துருவும் வெள்ளைப் பொருக்கும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, பேன் இரண்டு மூன்று முறை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். அதுவரை முள் ஒரே இடத்தில் நின்று, டேங்கில் குமிழி கிளம்பாமல் இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். வாங்கினால், சர்வீஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், முதல் வாரத்திலேயே கூலன்டையும் மூடியையும் மாற்றிவிடுங்கள்.